வேர்முடிச்சிலிருந்து பேசில்லஸ்தான் வருகிறது, ரைசோபியம் எங்கே?

#1 முடிச்சுத்தேடி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், கடைசி செமஸ்டர். தட்டைப்பயறு வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பதுதான் புராஜெக்ட். கேட்க எளிதாக இருந்தது, அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

பூக்கும் பருவத்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் முடிச்சுகள் உள்ள வேர்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். முடிச்சோடு கொஞ்சம் வேரையும் சேர்த்து வெட்டி, 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம், 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 நிமிடம், பிறகு ஸ்டெரைல் தண்ணீரில் ஆறு முறை அலசல். கண்ணாடிக் குச்சியால் நசுக்கி, காங்கோ ரெட் கலந்த ஈஸ்ட் சாறு மானிட்டால் அகாரில் கோடு கோடாக இழுத்து (ஸ்ட்ரீக் செய்து) 28 டிகிரியில் வைத்தேன்.

மறுநாளே காலனி வந்துவிட்டது. வெண்மை, காய்ந்த மாதிரி, ஓரம் சுருங்கிய தோற்றம். காங்கோ ரெட் ஏறவில்லை. ஆனால் கிராம் ஸ்டெயினில் ஊதா நிறக் குச்சிகள், நடுவில் வித்து (பாக்டீரியா தூங்கிக் கிடக்கும் கெட்டியான நிலை). ரைசோபியம் என்றால் சிவப்பாக, வித்து இல்லாமல் இருக்க வேண்டும். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை வாசிக்க அனுப்பினோம்: பேசில்லஸ் சப்டிலிஸ், 99.8 சதவீதம்.

கைடு சார் "கன்டாமினேஷன், திரும்பச் செய்" என்றார். வேறு செடி, வேறு முடிச்சு, புது மீடியா எடுத்துச் செய்தாலும் அதே காலனி. கேட்க விரும்புவது இரண்டு. இது வெளியிலிருந்து வந்ததா, முடிச்சுக்குள்ளேயே இருப்பதா? முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் ஏன் ஒன்றுகூட வரவில்லை?

#2 புதுத்தட்டு

கன்டாமினேஷன்தான். பேசில்லஸ் வித்து லேமினார் ஃப்ளோவிலேயே (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேசை) பறந்துகொண்டிருக்கும். எங்கள் லேபில் எல்லோருடைய புராஜெக்டிலும் கடைசியில் பேசில்லஸ் சப்டிலிஸ்தான் வரும்.

#3 வேர்மண்

அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

முதலில் இரண்டாவது கேள்வி, அதற்குத்தான் பதில் சுலபம். தட்டைப்பயறில் முடிச்சு உண்டாக்குவது பெரும்பாலும் பிராடிரைசோபியம். அது ரைசோபியம் வகையிலேயே மெதுவாக வளரும் கூட்டம். 28 டிகிரியில் கண்ணுக்குத் தெரியும் காலனி வரவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் பத்து நாள்கூட. அப்போதும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத சின்னப் புள்ளிதான். மறுநாள் காலையில் தட்டைத் திறந்து, வந்த காலனியை எடுத்துவிட்டு, தட்டை ஆட்டோகிளேவுக்கு அனுப்பும் வழக்கம் உள்ள லேபில் பிராடிரைசோபியம் எந்தக் காலத்திலும் கிடைக்காது. அது இல்லாமல் போகவில்லை. அது வருவதற்குள் தட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆகவே அடுத்த முறை: ஸ்ட்ரீக் மட்டும் போதாது. நசுக்கிய சாற்றை 0.85 சதவீத உப்புநீரில் பத்து பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு படியிலிருந்தும் பரப்புங்கள். முற்றாத முடிச்சுக்குள் ரைசோபியம் அசாத்திய எண்ணிக்கையில் இருக்கும், கூட இருப்பது எதுவானாலும் அதைவிட மிகக் குறைவுதான். நீர்த்துக்கொண்டே போனால் வேகமாக வளர்வது முதலில் காணாமல் போகும், ரைசோபியம் மிஞ்சும். முதல் ஸ்ட்ரீக்கில் கெட்டியான சாற்றைத் தேய்த்தால் ஓடத் தெரிந்தவன்தான் முதலில் வருவான்.

தட்டுகளைப் பாராஃபிலிம் சுற்றி, தலைகீழாக, இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ரைசோபியமும் காங்கோ ரெட்டை இழுத்துக்கொள்ளும், பிறகு அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லை. வந்த காலனிகளுக்குத் தட்டின் அடியில் மார்க்கரால் நாள்வாரியாக வேறு வேறு நிறத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். முதல் மூன்று நாளில் புள்ளி வாங்கியவை ஒரு கூட்டம், ஐந்தாம் நாளுக்குப் பிறகு வந்தவை இன்னொரு கூட்டம். உங்களுக்கு வேண்டியது பின்னது.

காங்கோ ரெட் பற்றி இன்னொன்று. ரைசோபியம் சாயத்தை அதிகம் ஏற்காது, அக்ரோபாக்டீரியம் ஏற்கும் என்று கையேடுகளில் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் பார்க்க உதவும், அவ்வளவுதான். சாயம் ஏறாத பாக்டீரியா உலகில் எத்தனையோ. உங்கள் பேசில்லஸே அதற்குச் சாட்சி.

#4 பழையஆய்வகம்

அம்மா, கடைசியாக அலசிய தண்ணீரைத் தட்டில் பரப்பினீர்களா? அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தட்டு இல்லாமல் இந்த விவாதமே கிடையாது.

#5 முடிச்சுத்தேடி

பரப்பினேன் சார். ஆறாவது அலசல் தண்ணீரிலிருந்து 100 மைக்ரோலிட்டர், ஊட்டச்சத்து அகாரிலும் ஈஸ்ட் மானிட்டால் அகாரிலும். இரண்டிலும் எதுவும் வரவில்லை. அதனால்தான் கன்டாமினேஷன் என்று கைடு சார் சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. அவரிடம் அந்தத் தட்டையும் காட்டினேன், "வித்து ஒட்டிக்கொண்டிருக்கும்" என்றார்.

வேர்மண் அக்கா, நீர்ப்புத் தொடர் இந்த வாரமே வைக்கிறேன்.

#6 பழையஆய்வகம்

உங்கள் கைடு சொன்னதில் நியாயம் இருக்கிறது. அலசல் தண்ணீர் தட்டு சுத்தமாக இருந்தால் கழன்று வரக்கூடியது எதுவும் மிச்சம் இல்லை என்றுதான் பொருள். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி அந்தத் தட்டு வாயே திறக்காது.

எத்தனால் வித்தைக் கொல்லாது. எத்தனை நேரம் ஊறப்போட்டாலும் கொல்லாது. முடிச்சின் மேற்பரப்பில் இருக்கும் காற்றையும் மெழுகுத் தன்மையையும் போக்கி, ஹைப்போகுளோரைட் நன்றாக நனைக்க வழி செய்வதுதான் எத்தனாலின் வேலை. வித்தைக் கொல்லும் பொறுப்பு முழுக்க ஹைப்போகுளோரைட்டுடையது. அந்தப் பாட்டில் எப்போது திறந்தது? திறந்து வைத்த கரைசல் நாள்பட வீரியம் இழக்கும். லேபிளில் போட்டிருக்கும் சதவீதம் தயாரித்த அன்றைக்கு இருந்த சதவீதம்.

அடுத்தது, தட்டைப்பயறு முடிச்சின் தோலைக் கை லென்ஸில் பாருங்கள். உருண்டையின் மேல் வெளிறிய கோடுகள் ஓடும். அவை காற்றுத் துளைகள். முடிச்சுக்குள் காற்று போய்வரும் இடம், மேலே தளர்வான செல்கள். வித்து ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு சொட்டு ட்வீன் (சோப்பு மாதிரி நனைக்க உதவும் பொருள்) சேர்த்தால் கரைசல் அந்த இடுக்குக்குள் இறங்கும்.

செய்ய வேண்டியது: கிருமிநீக்கம் செய்த முழு முடிச்சை, நசுக்குவதற்கு முன், அகார் மேல் வைத்து இடுக்கியால் உருட்டுங்கள். எல்லாப் பக்கமும் அகாரில் படவேண்டும். பிறகு அதே முடிச்சை எடுத்து நசுக்கி வேறு தட்டில் போடுங்கள். உருட்டிய தட்டில் பேசில்லஸ் வந்தால் கைடு சொன்னது சரி. உருட்டியதில் வராமல் நசுக்கியதில் மட்டும் வந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

கடைசியாக ஒரு சிக்கல். ஹைப்போகுளோரைட் முழுசாகப் போகாமல் தோலில் மிச்சம் இருந்தால் உருட்டிய தட்டிலும் வளர்ச்சி வராது, நீங்கள் சுத்தம் என்று ஏமாந்துவிடுவீர்கள். அலசலில் முதல் முறை சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் பயன்படுத்தினால் மிச்சம் உள்ள குளோரின் செயலிழக்கும்.

#7 இலைப்புள்ளி

நான் பயிர்நோய்த் துறை, முடிச்சு என் ஏரியா இல்லை. ஆனால் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற சண்டை எங்களுக்கும் தினப்படி. ஒரு சின்ன யோசனை: நசுக்கிய சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பரப்புங்கள். உயிர்ப்போடு வளரும் செல்கள் சாகும், வித்துகள் தாங்கும். இரண்டு பாதியிலும் பேசில்லஸ் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால், அது அங்கே வித்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சூடாக்காத பாதியில் பல மடங்கு அதிகம் வந்தால், அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. நிரூபணம் ஆகாது, ஆனால் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியும்.

#8 வேர்மண்

இலைப்புள்ளி சொன்னது நல்ல யோசனை, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முடிச்சுக்குள் ரைசோபியம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பழசு. 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியாக வளர்த்துக் காட்டிய நாளிலிருந்து அந்த ஒரே குடித்தனக்காரனைத்தான் எல்லோரும் தேடினார்கள், மற்றது வந்தால் கன்டாமினேஷன் என்று வீசினார்கள். இப்போது பேசில்லஸ், பேனிபேசில்லஸ், சூடோமோனாஸ், எண்டெரோபாக்டர், பாண்டோயா, கிளெப்சியெல்லா எல்லாம் பல பயறுவகைகளின் முடிச்சுகளில் பதிவாகியிருக்கின்றன. இவை தாமாக முடிச்சு உண்டாக்குவதில்லை, உண்டான முடிச்சில் குடியேறுகின்றன. ஆகவே முடிச்சிலிருந்து பேசில்லஸ் வருவது அபத்தம் இல்லை. ஆனால் "பதிவாகியிருக்கிறது" என்பது உங்கள் தட்டில் இருப்பதற்குச் சான்றும் இல்லை. நீங்கள் உங்கள் கட்டுப்பாட்டுத் தட்டுகளை வைத்துத்தான் பேச முடியும்.

#9 நாலெழுத்து

நுண்ணோக்கி பார்த்தே பல வருஷம் ஆன ஆள் நான், சீக்குவென்ஸ் மட்டும்தான் என் வேலை. அந்த "சப்டிலிஸ் 99.8" பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டத்தில் சப்டிலிஸ், வெலெசென்சிஸ், அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்று நெருங்கிய உறவுக்காரர்கள் உண்டு. இவற்றின் 16எஸ் மரபணு ஒன்றுக்கொன்று 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். செரியஸ் கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம்: செரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றையும் 16எஸ் வைத்துப் பிரிக்கவே முடியாது. ஒன்று பூச்சி கொல்லி, ஒன்று ஆந்த்ராக்ஸ். பிளாஸ்ட் (சீக்குவென்ஸை இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தலைப்பில் போடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டில் முதலில் வருவது நெருங்கிய இனம் என்று அர்த்தம் இல்லை. யாரோ போட்ட, யாரும் சரிபார்க்காத பெயராக இருக்கலாம். பிளாஸ்டை நடத்தும் என்.சி.பி.ஐ. பக்கத்திலேயே மாதிரி இனங்களின் (பெயருக்கு அடிப்படையாக வைத்த கல்ச்சர்களின்) சீக்குவென்ஸோடு மட்டும் ஒப்பிடும் தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். பழைய 97 சதவீத வரம்பை மறந்துவிடுங்கள். இப்போது 98.7க்குக் கீழே வந்தால் வேறு இனம் என்று சந்தேகிக்கலாம். மேலே வந்தால் அதே இனம் என்று சொல்ல முடியாது. இந்த விதி ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டும், பலர் இரண்டு பக்கமும் வீசுகிறார்கள்.

இனம் வரை போகவேண்டுமென்றால் பேசில்லஸுக்கு ஜைர்-பி மரபணு, சூடோமோனாஸுக்கு ஆர்.பி.ஓ.-டி. முழு மரபணுத்தொகுதி இருந்தால் சராசரி ஒற்றுமை 95–96 சதவீதம் என்பது எல்லைக்கோடு.

அப்புறம் குரோமடோகிராமை (சீக்குவென்ஸ் எழுத்துகளுக்கான நிறச் சிகரங்களின் படம்) திறந்து பார்த்தீர்களா? கம்பெனி அனுப்பும் எழுத்துக் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது. முதல் 30, 40 எழுத்து எப்போதும் குப்பை. 800ஐத் தாண்டினால் மறுபடி மங்கும். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரங்கள் நெடுக வந்தால் உங்கள் காலனி ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள்.

#10 புதுத்தட்டு

ஒரு சந்தேகம், இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். நான் வேர்ச்சூழல் மண்ணிலிருந்து பிரித்த ஒன்று நைட்ரஜன் இல்லாத ஜென்சன் அகாரில் நன்றாக வளர்கிறது. ஆக்சினைக் காட்டும் சால்கோவ்ஸ்கி கரைசல் ஊற்றினால் இளஞ்சிவப்பு. பாஸ்பேட் உள்ள பிகோவ்ஸ்கயா அகாரில் ஒளிவட்டம். அப்படியானால் நைட்ரஜன் நிலைநிறுத்தி, ஆக்சின் (செடியின் வளர்ச்சி ஹார்மோன்) சுரந்து, பாஸ்பேட் கரைக்கிறது என்று எழுதலாம்தானே?

#11 பழையஆய்வகம்

எழுதலாம். தேர்வாளர் நல்லவராக இருந்தால் தப்பிக்கலாம்.

#12 வேர்மண்

பழையஆய்வகம் சார் குறும்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், நான் கொஞ்சம் விரிக்கிறேன்.

நைட்ரஜன் இல்லாத அகார் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அகாரிலேயே துளி நைட்ரஜன் இருக்கும், காற்றில் அம்மோனியா இருக்கும், உங்கள் ஸ்ட்ரீக்கோடு பழைய மீடியாவும் கொஞ்சம் வரும். சிக்கனமான பாக்டீரியாவுக்கு அது போதும். மெல்லிசாக, ஒளி ஊடுருவும்படி வளர்ந்தால் சந்தேகப்படுங்கள். திரும்பத் திரும்ப புதுத் தட்டுக்கு மாற்றியும் சளைக்காமல் வளர்கிறதா பாருங்கள். அதன்பிறகு நைட்ரஜன் நிலைநிறுத்தும் நொதிக்கான நிஃப்-எச் மரபணுவுக்கு பி.சி.ஆர்., முடிந்தால் அந்த நொதி வேலை செய்கிறதா என்று பார்க்கும் அசிட்டிலீன் ஒடுக்கச் சோதனை. அசோஸ்பிரில்லம் மாதிரி ஆட்களுக்கு பிரேசில் ஆய்வாளர் டோபெரெய்னர் வகுத்த அரைத்திட மீடியாதான் சரி. அவை மேற்பரப்பில் வளராது, ஆக்சிஜன் தங்களுக்குப் பிடித்த அளவுக்கு இருக்கும் ஆழத்தில், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளைத் திரையாக நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால் ரைசோபியத்தையே இந்த அகாரில் போட்டால் பெரும்பாலும் தேறாது. நிலைநிறுத்தம் அதற்குச் செடியோடு சேர்ந்த குடித்தனத்தில்தான். ஆக நைட்ரஜன் நிலைநிறுத்துவதில் உலகப் புகழ் பெற்றவன் இந்தச் சோதனையில் தோற்பான், துளி அம்மோனியா பொறுக்கித் தின்பவன் ஜெயிப்பான்.

சால்கோவ்ஸ்கி இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினுக்கு மட்டும் சிவக்காது, அதன் உறவுச் சேர்மங்கள் சிலவற்றுக்கும் சிவக்கும். ஆக்சினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபான் சேர்த்ததும் சேர்க்காததும் இரண்டு குழாய் வைத்து, பாக்டீரியா போடாத மீடியாவையும் வைத்து, 530 நானோமீட்டரில் அளந்து, "இண்டோல் வகைச் சேர்மங்கள்" என்று எழுதுங்கள். பாஸ்பேட்டில் ஒளிவட்டம் டிரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு மட்டும்தான் சாட்சி. மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்திருக்கும் பாஸ்பேட் வேறு கதை.

#13 புதுத்தட்டு

அப்போ என் பாதி தீசிஸ் போச்சு 😅

#14 இலைப்புள்ளி

போகவில்லை. "நிலைநிறுத்துகிறது" என்ற இடத்தில் "நைட்ரஜன் சேர்க்காத மீடியாவில் வளர்ந்தது" என்று மாற்றினால் போதும். கண்டதை எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இடையில் ஒரு எச்சரிக்கை. கிளெப்சியெல்லா, எண்டெரோபாக்டர், ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா எல்லாம் வேர்ச்சூழலில் சாதாரணமாகக் கிடைப்பவை. செடிக்கு நண்பன் என்று பெயர் வைத்துவிட்டால் மனிதனுக்கும் நண்பன் ஆகிவிடாது. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு இவை ஆபத்து. ஏருஜினோசா தட்டில் திராட்சை வாசனை வரும் என்று படித்துவிட்டு மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

#15 முடிச்சுத்தேடி

நீர்ப்புத் தொடரும் உருட்டிய தட்டும் வைத்த முடிவு வந்துவிட்டது. ஹைப்போகுளோரைட் புதுப் பாட்டில், ட்வீன் சேர்த்தேன், தயோசல்ஃபேட்டில் முதல் அலசல்.

உருட்டிய தட்டுகள் பெரும்பாலும் சுத்தம். ஒன்றில் மட்டும் ஓரமாகப் பேசில்லஸ் மாதிரி காலனி. அந்த முடிச்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். சுத்தமாக இருந்த முடிச்சுகளை நசுக்கியபோதும் முதல் நீர்ப்பில் அதே சுருங்கிய வெள்ளைக் காலனி வந்தது, ஆனால் முன்பைவிட ரொம்பக் குறைவு. மேல் நீர்ப்புகளில் அது இல்லவே இல்லை. 80 டிகிரி சோதனையில் சூடாக்கிய பாதி, சூடாக்காத பாதி இரண்டிலும் பேசில்லஸ் கிட்டத்தட்ட சமம்.

அக்கா சொன்ன மாதிரி நிறம் வாரியாகப் புள்ளி வைத்தேன். முதல் சில நாள் மேல் நீர்ப்புத் தட்டுகள் வெறுமையாகவே கிடந்தன. "இன்னும் வைத்திருக்கியா?" என்று லேபில் எல்லோரும் கேட்டார்கள். ஒரு வாரம் நெருங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் குண்டூசி முனை மாதிரி, வெண்மையாக, கொஞ்சம் குவிந்து, ஒன்று போலவே நிறைய. பத்தாயிரம் மடங்கு நீர்த்த தட்டிலும் எண்ண முடியாத அளவு. லூப்பால் தொட்டால் பிசின் மாதிரி இழுக்கிறது.

கிராம் ஸ்டெயினில்தான் குழப்பம். சிவப்புக் குச்சிகள், ஆனால் நடுநடுவே சாயம் ஏறாத வெள்ளை இடைவெளி. இது வித்தா?

#16 பழையஆய்வகம்

வித்து இல்லை. ரைசோபியம் பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கொழுப்பு போன்ற பொருளை உருண்டை உருண்டையாகச் சேமித்து வைக்கும். மானிட்டால் தாராளமாக இருக்கும் மீடியாவில் இன்னும் அதிகம். அந்த இடத்தில் கிராம் ஸ்டெயினின் சிவப்புச் சாயமான சாஃப்ரனின் ஏறாது. சந்தேகம் இருந்தால் சூடான் பிளாக் போட்டுப் பாருங்கள், அந்த இடைவெளிகள் கறுப்பாகத் தெரியும்.

கிராம் ஸ்டெயினுக்கு எடுத்த பேசில்லஸ் மட்டும் 24 மணி நேரத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. பழைய பேசில்லஸ் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பாக நிற்கும். உறுதி செய்ய 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காலனியைக் குழைத்துப் பாருங்கள்: கிராம் நெகட்டிவ் என்றால் லூப்பைத் தூக்கும்போது நூலாக வரும். பிசின் அதிகம் உள்ள காலனி ஏமாற்றும், அதையும் கவனிக்கவும். ஆக்சிடேஸ் நொதிச் சோதனை செய்யும்போது நிக்ரோம் லூப் வேண்டாம், அந்த உலோகமே வினைப்பொருளை நீலமாக்கும். மரக்குச்சி போதும்.

#17 வேர்மண்

அருமை! சூடாக்கிய பாதியும் சூடாக்காத பாதியும் சமம் என்பதை வைத்துப் பார்த்தால் பேசில்லஸ் அங்கே வித்தாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே இருந்ததா இடுக்கில் இருந்ததா என்று இதற்கு மேல் தட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஒளிரும் புரதம் சேர்த்த பாக்டீரியாவைச் செடிக்குக் கொடுத்து கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அது தேவையில்லை.

இப்போது அவசரப்பட்டு மெதுவான காலனியை 16எஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். பிசினுக்குள் அந்நியர்கள் மறைந்து பயணம் செய்வார்கள். ட்வீன் சேர்த்த தண்ணீரில் நன்றாகக் கலக்கி, மறுபடி நீர்த்து, மறுபடி ஸ்ட்ரீக், ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பொறுமை. சுத்தமா என்று பார்க்க, குளுக்கோஸ் பெப்டோன் அகாரில் புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற அமில-கார நிறங்காட்டியோடு போடுங்கள். ரைசோபியம் அதில் வளராது, வளர்ந்தாலும் மிக மந்தம். மறுநாளே அமோகமாக வளர்ந்தால் கூட யாரோ இருக்கிறார்.

அதோடு புரோமோதைமால் புளூ என்ற இன்னொரு நிறங்காட்டி கலந்த ஈஸ்ட் மானிட்டால் அகார். பச்சையாகத் தொடங்கும். வேகமாக வளரும் ரைசோபியம் அமிலம் விட்டு மஞ்சளாக்கும். பிராடிரைசோபியம் காரமாக்கி நீலமாக்கும். சுத்தமில்லாத கல்ச்சரில் மஞ்சளும் நீலமும் கலந்து வரும்.

#18 அகார்க்காரர்

புதிதாகச் சேர்ந்தவன், படித்துக்கொண்டே வந்தேன். மெதுவாக வளர்பவற்றை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று: பாஸ்பேட்டையும் அகாரையும் ஒரே குடுவையில் ஆட்டோகிளேவ் செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, தனித்தனியாகச் செய்து பிறகு கலந்தால் காலனி எண்ணிக்கை கூடுகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூடுதல் வேலை ஒரு குடுவை மட்டும். எங்கள் இலைப்பரப்புத் தட்டுகளில் அதன்பிறகு முன்பு பார்க்காத காலனிகள் வந்தன. இளஞ்சிவப்பு மெத்திலோபாக்டீரியம் வேண்டுமானால் இலையை அப்படியே அகாரில் அழுத்தி எடுத்து, மெத்தனாலை மட்டும் கார்பன் மூலமாகக் கொடுங்கள். இலை வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும்.

#19 பழையஆய்வகம்

இதை நான் கேள்விப்பட்டதில்லை. நாளைக்கே செய்து பார்க்கிறேன்.

#20 முடிச்சுத்தேடி

நீலம்! ஓரம் கலக்காத சுத்தமான நீலம். குளுக்கோஸ் பெப்டோனில் ஒன்றும் இல்லை. 16எஸ் இரண்டு திசையிலும் வாசித்து இணைத்தாயிற்று, 27எஃப், 1492ஆர் பிரைமர்கள். மாதிரி இனங்களோடு ஒப்பிட்டால் பிராடிரைசோபியம், ஆனால் ஏழெட்டு இனங்கள் 99.5க்கு மேல் வரிசையாக நிற்கின்றன. எதை எழுதுவது?

#21 நாலெழுத்து

எதையும் எழுதாதீர்கள். "பிராடிரைசோபியம் பேரினம்" என்று நிறுத்துங்கள். இந்தப் பேரினத்தின் 16எஸ் அவ்வளவு ஒத்திருக்கும், இனங்களைப் பிரிக்க அது உதவாது. ரெக்-ஏ, கிளன்-இரண்டு என்று வீட்டுவேலை மரபணுக்கள் (செல்லின் அன்றாட வேலைக்கு வேண்டியவை) இரண்டு மூன்றைச் சேர்த்து வம்சாவளி மரம் வரைந்தால் எந்தக் கிளையில் அமர்கிறது என்று தெரியும். முடிச்சு உண்டாக்க உதவும் நாட்-சி மரபணுவைத் தனியாக வாசியுங்கள். அதை மற்றவற்றோடு சேர்த்து ஒரே மரம் வரையாதீர்கள். முடிச்சு மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவை, அவற்றின் வம்சாவளி வேறு.

#22 இலைப்புள்ளி

மரபணு எல்லாம் இருக்கட்டும். செடிக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா? எங்கள் துறையில் ராபர்ட் காக்கின் விதிகள் (பிரித்த கிருமியை நல்ல செடிக்குக் கொடுத்து, அதே விளைவு வந்து, அதே கிருமியை மறுபடி பிரித்துக் காட்டுவது) முடியாமல் யாரும் நோய்க்காரணி என்று வாய் திறக்க மாட்டார்கள். முடிச்சுக்கும் அதே நியாயம்தானே?

#23 வேர்மண்

அதே நியாயம்தான். விதையைக் கிருமிநீக்கம் செய்து முளைக்கவைத்து, லியோனார்டு ஜாடியிலோ (கீழிருந்து திரி வழியாக ஊட்டக்கரைசல் ஏறும் மூடிய ஜாடி) ஸ்டெரைல் மணலிலோ நட்டு, நைட்ரஜன் இல்லாத ஊட்டக்கரைசல் கொடுங்கள். நான்கு வகை வேண்டும்: பிராடிரைசோபியம் மட்டும், பேசில்லஸ் மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவும் போடாதது. கூடவே நைட்ரேட் கொடுத்த ஒரு வரிசை, செடி வேறு குறையால் வாடவில்லை என்று காட்ட.

எதுவும் போடாத செடியில் ஒரே ஒரு முடிச்சு வந்தாலும் அந்தச் சோதனை செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தட்டைப்பயறு பலவகை ரைசோபியத்தோடும் சேர்ந்துகொள்ளும் தாராள மனசுக்காரி. அக்கம்பக்கத்து ஜாடியிலிருந்து தெறித்த ஒரு சொட்டு போதும். ஆகவே தண்ணீர் ஊற்றும்போது எதுவும் போடாத வரிசையிலிருந்து தொடங்கி, பாக்டீரியா போட்ட வரிசைக்குக் கடைசியில் போங்கள்.

#24 முடிச்சுத்தேடி

ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறேன். எதுவும் போடாத வரிசை: முடிச்சு இல்லை, இலை வெளிறி மஞ்சள். பேசில்லஸ் மட்டும்: முடிச்சு இல்லை, அதே மஞ்சள். பிராடிரைசோபியம்: முடிச்சு உண்டு, வெட்டினால் இளஞ்சிவப்பு, இலை கரும்பச்சை. இரண்டும் சேர்த்ததில் முடிச்சு கொஞ்சம் அதிகம் போலத் தெரிகிறது, ஆனால் செடிகளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் பெரிது, புள்ளியியலில் வித்தியாசம் நிற்கவில்லை. புது முடிச்சிலிருந்து மறுபடி பிரித்ததில் அதே மெதுவான நீலக் காலனி.

கைடு சாரிடம் எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். பேசில்லஸையும் தீசிஸில் வைக்கலாம் என்றார், ஆனால் "எண்டோஃபைட்" (செடிக்குள்ளேயே வாழும் நுண்ணுயிர்) என்ற சொல் வேண்டாம் என்கிறார். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

#25 வேர்மண்

வருத்தம் வேண்டாம், அவர் சொல்வது சரி. "மேற்பரப்புக் கிருமிநீக்கம் செய்த முடிச்சுகளிலிருந்து குறைந்த எண்ணிக்கையில், வித்து நிலையில் கிடைத்த, முடிச்சு உண்டாக்காத பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியா" என்று எழுதுங்கள். நீளம்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களிடம் ஒரு தட்டு இருக்கிறது. சேர்த்துப் போட்டதில் வித்தியாசம் நிற்கவில்லை என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

#26 பழையஆய்வகம்

ஸ்டாக் வைத்தாயிற்றா? படிப்பு முடிந்து போகும் மாணவர்கள் கல்ச்சரைச் சாய்வு அகாரில் ஃபிரிட்ஜில் விட்டுவிட்டுப் போவார்கள், ஆறு மாதத்தில் எல்லாம் காய்ந்து கிடக்கும். 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80இல் மூன்று நான்கு குப்பி. ஈஸ்ட் மானிட்டால் திரவத்தில் நன்றாக வளர்ந்த பிறகுதான் உறையவைக்க வேண்டும், மெதுவான ஆளுக்கு அது ஒரு வாரம். குப்பியில் செடியின் பெயர், முடிச்சு எண், பிரித்த தேதி, எத்தனையாவது மறு ஸ்ட்ரீக் எல்லாம் எழுதுங்கள். எத்தனால் பட்டால் அழியாத பேனாவால். ஒரு குப்பியை இரண்டு வாரம் கழித்து உருக்கி, உயிரோடு இருக்கிறதா பாருங்கள்.

#27 முடிச்சுத்தேடி

வைத்தாயிற்று சார். உருக்கிப் பார்க்கும் குப்பி அடுத்த வாரம். தட்டை எட்டு நாளைக்கு முன்னால் யாரும் தூக்கிப் போடக்கூடாது என்று இன்குபேட்டர் கதவில் ஒட்டிவிட்டேன்.

#28 புதுத்தட்டு

அந்த நோட்டீஸ் வாசகத்தை இங்கே போடுங்க, எங்கள் இன்குபேட்டருக்கும் வேண்டும். அப்புறம் நிஃப்-எச் பிரைமர் எது நல்லது என்று யாராவது சொன்னால் புது இழை தொடங்குகிறேன்.